பம்ப் நின்ற ஐந்து நாள்

உங்களுடைய தோல் கையுறையை இன்று ஆணியிலிருந்து எடுத்தேன். தார் பிடித்த அந்தப் புகை மணம் அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் இந்த மணத்தோடு குசினிக்குள் வந்தால் வெளியே கலைத்துவிடுவேன். இப்போது அதை மூக்கோடு வைத்துக்கொண்டு அழுகிறேன், போங்கள்.

டாவோஸ் ஊருக்கு மேலே மலையில் இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது, முற்றத்தில் தகரக் கொட்டில் மாதிரி நின்ற விறகுப் பொயிலரைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். நீங்களோ பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தீர்கள். காலையும் மாலையும் விறகு போடுவது, சாம்பல் வாருவது, புகைக்குழாயில் ஒட்டிய தாரைச் சுரண்டுவது, தண்ணீர் மட்டம் பார்ப்பது. இரண்டு வருடம் காயாத விறகைக் கிட்டவும் விடமாட்டீர்கள். என்னைக்கூட இவ்வளவு கவனித்ததில்லை என்றால் சிரிப்பீர்கள். அங்கே சூடாகும் தண்ணீர் நிலத்தடிக் குழாயில் வந்து, அறைகளைச் சூடாக்கும் ஹைசுங் குழாயெல்லாம் ஓடி, திரும்பிப் போகும் என்று மேசையில் விரலால் கீறிக் காட்டினீர்கள்.

"நெருப்பு நூந்தாலும் காரியமில்லை. பம்ப் நிக்கக் கூடாது. இந்தக் குளிருக்கை தண்ணி ஓடிக்கொண்டே இருக்கோணும்."

எத்தனை தரம் சொன்னீர்கள். ஓம் ஓம் என்றேன்.

தை மாதக் குளிரில் ஒருநாள், காலை விறகைப் போட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்த நீங்கள் பிறகு எழும்பவில்லை.

உங்கள் அக்கா, என் மச்சாள், அன்றே லுசேர்ணிலிருந்து வந்தார். முற்றத்தில் புகையைக் கண்டதுமே நின்றுவிட்டார்.

"செத்த வீட்டிலை நெருப்பு எரியிறதோ? தகனம் முடியுமட்டும் மூட்டக் கூடாது."

சாப்பாட்டை உறவுக்காரர் கொண்டுவந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு மின்சார ஹீட்டர் தந்தார். ஊரில் என்றால் அடுத்த நாளே எல்லாம் முடிந்திருக்கும். இங்கே தகனத்துக்கு ஐந்தாம் நாள்தான் கிடைத்தது.

நெருப்புக்குக் காற்று ஊதும் விசிறிக்கும் பம்புக்கும் ஒரே சுவிச். நெருப்பை நூக்க அதை அணைத்தது மச்சாள் இல்லை, நான். நீங்கள் சொன்னது அந்த நேரம் எனக்கு ஞாபகம் இருந்தது. அதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை. சனம் என்ன கதைக்குமோ, உங்களுக்குச் செய்வதில் ஏதும் குறை வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

தகனம் முடிந்து வந்து நெருப்பை மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் தணலில் தண்ணீர் சொட்டிச் சீறியது. ஐந்து நாளும் உள்ளே உறைந்து கிடந்த தண்ணீர் பொயிலர் இரும்பின் ஒட்டுகளைப் பிளந்திருந்தது. திருத்த வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, நிலத்தடிக் குழாயும் வெடித்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் திரிம்பாக் கோயிலிலிருந்து வந்த ஐயரிடம், செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது பொயிலருக்கும் சேர்த்தியோ என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அடுப்பெண்டால் சமைக்கிற அடுப்பு, அம்மா. குளிருக்கு எரிக்கிற நெருப்பை ஆர் நூக்கச் சொன்னது?" என்றார்.

மச்சாள் தலையைக் குனிந்துகொண்டார். அவரோடு எனக்குக் கோபமில்லை. தம்பிக்கு நல்லது என்று நினைத்துச் சொன்னவர். பம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எனக்கல்லவோ தெரியும்.

திங்கட்கிழமை பொயிலரை வெட்டி எடுத்துப்போக வருகிறார்கள். இரண்டு ஹீட்டரை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இன்னொரு பனிக்காலத்தைக் கழிக்க முடியாது. நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய வீட்டை விட்டு, லுசேர்ணில் ஒரு அறைக்குப் போகிறேன். அங்கே சூடு தானாக வருமாம், ஒருவரும் விறகு போடத் தேவையில்லையாம். எனக்கு அந்தச் சூடு வேண்டாம். வேறு வழியும் இல்லை.

கையுறையை மட்டும் கொண்டுபோகிறேன். உங்கள் விரல்கள் மடிந்த மடிப்பு அதில் இன்னும் இருக்கிறது. அதற்குள் என் கையை விட மனம் வரவில்லை. சுவிச்சை அணைத்த கை இது.