வானாற்று நீர், விளக்கு நெருப்பு

தைனான்,
6 மார்ச் 1989

செல்வி யே சூவானுக்கு,

நலம். நீ அனுப்பிய அன்னாசிக் கேக் வந்தது. பாதியை மாவ்சுங்கே தின்றுவிட்டான்.

உன் பிறந்த தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். அறுபது வருடச் சுற்றில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு ஸ்வரம், ஸ்வரத்துக்கு ஒரு பூதம். நீ குதிரை வருடம், வானாற்று நீர். என் மகன் மாவ்சுங் டிராகன் வருடம், விளக்கு நெருப்பு. தண்ணீர் பட்டால் விளக்கு என்னாகும்?

அவன் அப்பா மலையுச்சி நெருப்பு, நான் ஓடை நீர். முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். என் மாமியார் சாகும்வரை, "நீதான்டி எம்புள்ளைய அணைச்சுட்ட" என்றே சொன்னாள். என் மகனுக்கும் அது வேண்டாம். அவனை மறந்துவிடு.

திருமதி சாய்


தைசுங்,
14 மார்ச் 1989

மாவ்சுங்கின் அம்மாவுக்கு வணக்கம்.

ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் என் பிப்பா வீணையை எடுத்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைத்தானே கற்றுக்கொடுக்கிறேன்! நீரின் ஸ்வரமும் நெருப்பின் ஸ்வரமும் அடுத்தடுத்து நிற்பவை. சேர்த்து மீட்டினேன், ஒன்றும் அணையவில்லை.

வருடத்துக்கு எப்படி ஸ்வரம் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கோயிலில் ஜாதகம் பார்ப்பவரிடம் போனேன்.

"என்னைக்குப் பொறந்த?"

"அறுபத்தாறு, ஜனவரி இருபத்தெட்டு. சந்திரப் புத்தாண்டு முடிஞ்சு ஒரு வாரம்."

"புத்தாண்டு பட்டாசுக்கும் பலகாரத்துக்கும்தாம்மா. ஜாதகத்துக்கு வருஷம் மாறுறது வசந்தம் தொடங்குற அன்னைக்கு, பிப்ரவரி நாலு. நீ இன்னும் பழைய வருஷத்துப் பொண்ணு!"

அப்படியானால் நான் குதிரைக்கு முந்தின பாம்பு வருடம். டிராகனுக்கும் அடுத்த பாம்புக்கும் ஒரே பூதம்தான், உங்கள் மகனைப் போலவே விளக்கு நெருப்பு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் நீராகவே இருந்திருந்தாலும் அவரை விட்டிருக்க மாட்டேன். கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள்.

சூவான்


தைனான்,
28 மார்ச் 1989

அன்புள்ள சூவான்,

உனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

உன் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கத்தான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். தப்பில்லை. சும்மா இருக்காமல் என் தேதியையும் பார்த்தேன். 1936, ஜனவரி முப்பது. நானும் புத்தாண்டுக்குப் பின், வசந்தத்துக்கு முன். நான் ஓடை நீரே இல்லை, பெண்ணே. என் வீட்டுக்காரரைப் போலவே மலையுச்சி நெருப்பு.

கஞ்சி அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நான்தான் அணைத்தேன் என்று இருபத்துமூன்று வருடம் நம்பியிருக்கிறேன். அவர் காய்ச்சலில் போனார், சூவான். வெறும் காய்ச்சலில்.

அடுத்த வாரம் கல்லறை துப்புரவு நாள். மாவ்சுங்கோடு நீயும் வா. அவருக்கு மருமகளைக் காட்ட வேண்டும்.

பக்கத்திலேயேதான் என் மாமியாரும் படுத்திருக்கிறாள். அவளிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

உன் அத்தை