சுகர் நார்மல்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் கடிதம் வந்தது. பாப்பா அம்மாவைக் கேட்டு அழுதால் ஒரு டம்ளர் ஜூஸில் அடங்கிவிடுகிறாள் என்றும், எதற்கும் இருக்கட்டும் என்று சுகர் டெஸ்ட் எடுத்ததில் நார்மல் என்றும் எழுதியிருந்தீர்கள். "இனிமே நிம்மதியா இருங்க மாப்பிள்ள" என்றும். அதைப் படித்ததிலிருந்துதான் எனக்குப் பயமே. போனில் சொல்ல இரண்டு முறை கூப்பிட்டேன். பின்னால் பாப்பாவின் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

என் வேலையை மாமா "எலிக்கு ஆயா" என்று கேலி செய்வார். உண்மைதான். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு எலிக் கூட்டத்துக்கு வெறும் தண்ணீர், இன்னொன்றுக்குப் பழச்சர்க்கரை கரைத்த தண்ணீர். எட்டு வாரம். சர்க்கரைத் தண்ணீர் குடித்தவையும் பளபளவென்றுதான் ஓடும். சுகர் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. அதை அப்படி நிறுத்திவைக்க உள்ளே இன்சுலின் இரண்டு மடங்கு சுரந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் கொழுப்பு ஏறி, குழாயில் ரத்தம் அடங்கியதும் மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் வெளுத்துக் கலங்கியிருக்கும்.

இதைத் தினமும் பார்த்தவன் நான். உங்கள் மகள் வயிறு வலிக்கிறது என்றபோது, எலிகளுக்கு வைத்திருந்த மெஷினைக் கொண்டுவந்து அவள் விரலைக் குத்தி சுகர் மட்டும் பார்த்தேன். நார்மல். "எலிய விட நீ நல்லாத்தான் இருக்க" என்றேன். சிரித்தாள். சாப்பாடு இறங்கவில்லை என்று ஜூஸாகவே குடித்தாள். நான்தான் வாங்கிவந்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் குழாயில் அடங்கியதும், மேலே வெள்ளையாக நின்றது. கொழுப்பு ஏறியதில் கணையம் போய்விட்டது என்றார்கள். பிறகு அவளும் போய்விட்டாள்.

இந்தக் கொழுப்பு பிறவியிலேயே வருவது, பிள்ளைக்கும் இருக்கலாம் என்று டாக்டர் அன்றே சொன்னார். உங்களிடம் மறைத்துவிட்டேன். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையே, வெறும் வயிற்றில், பாப்பாவுக்குக் கொழுப்பு டெஸ்ட் எடுங்கள். "சின்னப் புள்ளைக்கு எதுக்கு" என்பார்கள் டெஸ்ட் எடுக்கும் இடத்தில். அவள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். ஜூஸ் வேண்டாம். அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், எவ்வளவு நேரமானாலும்.

சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கதவை மட்டும் திறந்துவிடுங்கள், அத்தை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா