கசப்பில்லாத கடல்நீர் குறித்தும் என் பெரியம்மாவின் நாக்கு குறித்தும்

அனுப்புநர்:
அனூக் தெர்வால், வயது 27,
உப்பளப் பாதை, எண் 6,
போர்-கெர்வலான்.

பெறுநர்:
மேயர் அவர்கள்
(சமூகநல அலுவலகத்தின் தலைவரும் தாங்களே),
நகராட்சி மன்றம், போர்-கெர்வலான்.

பொருள்: திருமதி ஒதில் பெர்தோவை முதியோர் இல்லத்தில் சேர்க்கத் திறக்கப்பட்டுள்ள கோப்பை மூடக் கோருதல். ‘லெ த்ருவா ஃபனோ’ கடல்நீர் சிகிச்சை விடுதியின் குளத்து நீரைச் சோதிக்கக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் 12.03.2024 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒதில் பெர்தோ என் தாயின் அக்காள். எழுபத்திரண்டு வயது. நாற்பத்தொரு ஆண்டுகள் உப்பளத்தில் உப்பு வாரியவர். இரண்டு தோள்களும் தேய்ந்துவிட்டன. அதற்காக அவரை மார்ச் 3 முதல் 9 வரை மேற்படி விடுதிக்கு அழைத்துச் சென்றேன். யோசனை என்னுடையது. அவர் கேட்கவில்லை. “கடலைப் பாக்க நான் ஏன்டி ரூம் போடணும்?” என்றுதான் சொன்னார்.

2. தாங்கள் ரிப்பன் வெட்டித் திறந்த விடுதி என்பதால் அதை விவரிக்க மாட்டேன். ஒன்று மட்டும். அங்கே காலை முதல் மாலை வரை எல்லோரும் ஒரே வெள்ளைக் குளியல் அங்கியில், ஒரே வெள்ளைச் செருப்பில் நடக்கிறார்கள். வக்கீல், பல் மருத்துவர், உப்பு வாரியவர், எல்லாம் ஒன்று. இரவு உணவுக்கு அங்கியைக் கழற்றச் சொல்கிறார்கள். அப்போது யார் யார் என்று தெரிந்துவிடுகிறது. எங்கள் மேசை சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் போடப்பட்டது.

3. உணவு. ஆவியில் வெந்த மீன், தீப்பெட்டி அளவு. அதன் மேல் ஒரே ஒரு கீரை இலை. அதற்கு ஐந்து வரிப் பெயர். உப்பில்லாத வெண்ணெய். ஐயா, உப்பு விளையும் ஊரில், உப்பளம் தெரியும் ஜன்னலுக்கு அருகில், உப்பில்லாத வெண்ணெய். பெரியம்மா பரிமாறுபவரிடம் உப்பு கேட்டார். “சிகிச்சையில இருக்கறவங்களுக்கு உப்பு கிடையாதுங்க மேடம்” என்றார் அவர். “அப்ப நாள் முழுக்க என்னை எதுல ஊறப் போடுறீங்க, தம்பி?” என்று பெரியம்மா கேட்டார். பரிமாறுபவர் சிரித்துவிட்டார். அன்று சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. மறுநாள் முதல் பெரியம்மா தன் தகர டப்பியிலிருந்து சொந்த உப்பைத் தூவிக்கொண்டார். அந்த டப்பி எப்போதும் அவர் பையில் இருப்பது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பையில் இருப்பது.

4. மார்ச் 4, திங்கள் இரவு புயல். கடலிலிருந்து நீர் இழுக்கும் குழாய் மணலில் மூடிப்போனது. இதை நான் பின்னர்தான் அறிந்தேன். பெரியம்மா செவ்வாய்க்கிழமை காலையிலேயே அறிந்தார். பம்பு சத்தம் இல்லை என்றார். பிறகு குளத்தில் இறங்கினார். கையில் அள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார்.

“இது கடல் இல்ல. குழாய்த் தண்ணியில மூட்டை உப்பைக் கொட்டியிருக்கான். கசப்பே இல்ல பாரு.”

கடல்நீரில் உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு உண்டு. பாத்தியில் வேலை செய்தவர்களுக்கு அது கடிகாரம் மாதிரி. எப்போது வாரலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கசப்பை வைத்தே முடிவு செய்வார்கள். நிலத்தில் வெட்டியெடுத்த உப்பில் அது இருக்காது. எனக்கு இது தெரியும். நான் அவர் வளர்த்த பெண். தெரிந்தும், “பெரியம்மா, மெதுவா பேசு” என்று மட்டும் சொன்னேன். நீந்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தன் கணவரிடம், “பாவம், அந்தம்மா குளத்தைக் குடிக்கிறாங்க” என்றார்.

5. புதன்கிழமை இரவு உணவில் பெரியம்மா எழுந்து நின்று மற்ற மேசைகளுக்கும் இதைச் சொன்னார். கத்தவில்லை. உப்பளத்தில் காற்றுக்கு எதிரே பேசிப் பழகிய குரல், அவ்வளவுதான். விடுதியின் டாக்டர் ஃபோஷெரோ வந்தார். குனிந்து, குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார். “வயசானா நாக்கு இப்படித்தான் ஏமாத்தும்மா. எல்லாருக்கும் வர்றதுதான்.”

“உன் நாக்கை நீட்டு, நான் பாக்கறேன்” என்றார் பெரியம்மா.

அறை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கத்தியையும் முள்கரண்டியையும் நேராக அடுக்கினேன். மறுபடி அடுக்கினேன்.

6. மீனுக்கும் வேகவைத்த பேரிக்காய்க்கும் நடுவில் டாக்டர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். உடன் வந்த உறவினர் கையெழுத்து. சிகிச்சை முறையில் சிறு மாற்றம் என்றார். நான் வாசிக்காமலே கையெழுத்திட்டேன். மொழியியலில் முதுகலை பெற்றவள். வாசிக்கவில்லை. பேரிக்காய் வந்துவிட்டால் எல்லோரும் தங்கள் தட்டைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

7. வெள்ளிக்கிழமை சமையலறைப் பின்கதவு திறந்திருந்தது. மூடாமல் இருக்க ஒரு மூட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் பதினொரு காலி மூட்டைகள். மேலே அச்சிட்டிருந்தது: பனிக்காலச் சாலைகளில் தூவுவதற்கான உப்பு, உணவுக்கு உகந்ததல்ல. புகைப்படம் இணைத்துள்ளேன். அன்று மாலை நானும் குளத்து நீரை நாக்கில் வைத்தேன். கசப்பில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு சிட்டிகை உப்புக்கு மருத்துவக் காரணம் சொல்லும் விடுதி, விருந்தினர்களைச் சாலை உப்பில் ஊறவைக்கிறது. இதற்கு ஏற்ற சொல் எனக்குத் தெரியும். மனுவில் எழுதக் கூடாது.

8. தங்கள் கடிதத்துடன் வந்த டாக்டர் ஃபோஷெரோவின் மருத்துவ அறிக்கையில் உள்ள அறிகுறிகள்: “சுவை குறித்த பிரமை.” “உடைமைகளில் உப்பை மறைத்து வைத்திருத்தல்.” “இயந்திர ஒலி நின்றுவிட்டதாக நம்புதல்.” “தனியாக வசிப்பது உகந்ததல்ல. உறவினரும் இதை ஏற்றுள்ளார்.” முதல் மூன்றும் உண்மைகள். நான்காவது நான்.

9. அறிக்கையின் பேரில் 19.03.2024 செவ்வாய் காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலர் பெரியம்மாவின் வீட்டைப் பார்வையிட வருகிறார். வரட்டும். வீடு சுத்தமாக இருக்கிறது. அடுப்பை அணைக்க அவர் மறப்பதில்லை. கதவைப் பூட்டுவதில்லை, நாற்பது ஆண்டுகளாகப் பூட்டியதில்லை. இதையும் ஓர் அறிகுறியாக எழுதிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. நேற்று மதியம் பெரியம்மா சூப் வைத்தார். கரண்டியில் எடுத்தார். வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“உப்பு சரியா இருக்கான்னு நீ பாரு. எனக்குத் தெரியல.”

சரியாக இருந்தது. சொன்னேன். அவர் நம்பவில்லை. டப்பியை எடுத்து மேசையின் என் பக்கம் வைத்துவிட்டார்.

10. ஆகவே:

அ. 19ஆம் தேதிக்கு முன் கோப்பை மூட வேண்டும். மூடியதை எனக்கல்ல, ஒதில் பெர்தோவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணத்தையும் எழுத வேண்டும்: அவர் சொன்னது சரி.

ஆ. இத்துடன் இரண்டு புட்டிகள் உள்ளன. ஒன்று வெள்ளிக்கிழமை விடுதிக் குளத்தில் நான் நிரப்பியது. மற்றது இன்று காலை கடலில் எடுத்தது. எது எது என்று எழுதவில்லை. ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முன் தாங்களே ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கலாம். உடலுக்கு நன்மை பயக்கும் நீர் என்று விடுதியின் கையேட்டில் அச்சிட்டிருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை. தாங்களும் இந்த ஊரில் பிறந்தவர், சொல்லிவிடுவீர்கள்.

இ. மார்ச் 6ஆம் தேதி அந்தத் தாளில் நான் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஏமாற்றினார்கள் என்று சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், சொல்ல மாட்டேன். ஒரு சாப்பாட்டு அறை எங்களைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்பதற்காக இட்டேன்.

இந்த மனுவைப் பெரியம்மாவிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். “ரொம்ப நீளம், மேயர் தூங்கிடுவார்” என்றார். ஒன்பதாவது பத்தியை மட்டும் அவரிடம் வாசிக்கவில்லை. தங்கள் அலுவலரும் அதை அவர் முன் வாசிக்க வேண்டாம்.

செவ்வாய்க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இடம்: போர்-கெர்வலான்
நாள்: 14.03.2024

இணைப்பு: புகைப்படம் 1, புட்டி 2.

இம்முறை முழுவதும் வாசித்த பிறகு இட்ட கையெழுத்து:

அனூக் தெர்வால்