லெனோர் அழாத அழுகை

11 பிப்ரவரி 1974

ஊரெல்லாம் பெட்ரோல் தட்டுப்பாடு. காலை முழுவதும் பங்க் வரிசையிலேயே போயிற்று. எனக்கு முன்னால் நின்றவன் காருக்குள் உட்கார்ந்தபடியே சவரம் செய்து முடித்து, முகத்துக்குப் பவுடரும் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. என் ஏஜெண்ட் சிட்.

"உக்காந்துக்கோ ஃபிலிஸ். லெனோர் வேட் வேஷம் உனக்குத்தான்."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சிரித்தேன், பைத்தியக்காரி மாதிரி. இரண்டு வருடமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் டிவி துப்பறியும் தொடர்களில் விதவை வேடம். போன மாதம் பிணம். பிணமாக நன்றாகச் செய்தேன் என்று அந்த இயக்குநர் மனதாரப் பாராட்டினார். வயது முப்பத்தொன்பது, ஸ்டூடியோக்காரர்களிடம் சொல்லியிருப்பது முப்பத்தைந்து. இதை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. சிட்டுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் அம்மா காலத்துப் பெண்களுக்கு நடிகை லெனோர் வேட் என்றால் உயிர். அவள் புருவத்தை எப்படி வரைந்தாளோ அப்படித்தான் ஊரே வரைந்துகொண்டது. அப்புறம் குடி, மாத்திரை, நான்கு கணவர்கள், கோர்ட்டு. ஸ்டூடியோ துரத்திவிட்டது. ஐம்பது வயது நிறைவதற்குள் ஒரு வாடகை வீட்டுக் குளியலறையில் செத்துக் கிடந்தாள். எங்கள் படம் இந்த இரண்டாவது பாதியைத்தான் சொல்கிறது. ஏறும்போது யார் பார்க்கிறார்கள்? விழுந்தால்தானே கூட்டம் கூடும்.

18 பிப்ரவரி

இயக்குநர் மெஸ்னரோடு மதியச் சாப்பாடு. அவர் சாப்பிட்டார், நான் பாதி பம்பளிமாஸ் பழம் மாதிரி இருந்த ஒன்றை நோண்டிக்கொண்டிருந்தேன். லெனோருக்கு ஒரு தங்கை இருக்கிறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

"யாருக்கும் தெரியாது. கிளெண்டேல்ல தனியா இருக்கா. பேர் பியூலா. அக்கா கதையைப் படமாக்க நமக்கு அனுமதி குடுத்ததே ஒரு நிபந்தனையிலதான். படத்துல தங்கச்சின்னு ஒருத்தி வரவே கூடாது. நிழல் கூட விழக்கூடாது."

"ஏன்?"

"நீயே போய்ப் பாரு. எதையும் கேட்டுத் துளைக்காத. பேசினா கேட்டுக்கோ."

24 பிப்ரவரி, ஞாயிறு

பார்த்துவிட்டு வந்தேன். அறுபதைத் தாண்டியவர். பருத்த கைகள், வெட்டிச் சீவிய நரைமுடி, முகத்தில் லெனோர் எங்கேயும் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓப்பலை விட நீ குட்டை" என்றார். ஓப்பல்தான் லெனோரின் சொந்தப் பெயர். நெப்ராஸ்காவில் ஒரு கசாப்புக்கடைக்காரரின் மகள்கள் இருவரும்.

அந்தக் காலத்து ஸ்டூடியோ ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பிறப்பைத் தைத்துக் கொடுக்கும். லெனோருக்குத் தைத்தது: பிரெஞ்சு மருத்துவரின் ஒரே மகள், தாய் தந்தை கப்பலில் மூழ்கினார்கள். ஒரே மகளுக்குத் தங்கை எங்கிருந்து வருவாள்? ஆகவே பத்திரிகைக்காரர்கள் வரும்போதெல்லாம் பியூலா ஏப்ரன் கட்டிக்கொண்டார்.

"இருபது வருஷம் நான் அவ வீட்டு வேலைக்காரி. ஒரு தடவை ஒரு பத்திரிகைக்காரன் போகும்போது என் கையில காசு வெச்சான். வாங்கிக்கிட்டேன். வாங்கலைன்னா சந்தேகப்படுவானே."

"கோபம் வரலையா?"

"அவன் நல்லாவே குடுத்தான்" என்று சிரித்தார். பிறகு காபியை என் பக்கம் தள்ளினார். "இதோ பாரு பொண்ணே. நான் ஊருக்கு முன்னாடி இருந்ததே இல்ல. இப்ப போய் எவளோ ஒருத்தி மூக்கைச் சிந்திக்கிட்டு நான்தான் பியூலான்னு வந்து நிக்க வேண்டாம். என் சமாசாரம் எனக்கு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

வாக்குக் கொடுத்தேன். மனதாரத்தான் கொடுத்தேன்.

17 மார்ச்

ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். எலுமிச்சைக் கேக் செய்து வைக்கிறார். எடை கூடுகிறது, உடைகள் தைக்கிறவள் திட்டுகிறாள். பியூலாவோடு இருக்கும்போது நான் நடிகை இல்லை என்று தோன்றுகிறது. என் அம்மாவோடு கூட இப்படிப் பேசியதில்லை. அம்மாவுக்கு நான் எப்போதும் ஒரு பரீட்சையில் தோற்றவள்.

31 மார்ச்

இன்று லெனோர் செத்த காலையைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை.

படப்பிடிப்புக் காலத்தில் விடியும் முன் ஸ்டூடியோ கார் வந்து நிற்கும். பியூலாதான் அக்காவை எழுப்புவார். "எழுந்திரு ஓப்பல், கார் வந்துடுச்சு." ஸ்டூடியோ துரத்திய பிறகு கார் வரவில்லை. ஆனாலும் பியூலா தினம் அதையே சொல்லித்தான் எழுப்பினார். அவளும் தலையணைக்குள்ளிருந்து, "காத்திருக்கச் சொல்லு" என்பாளாம். அக்காவுக்கும் தங்கைக்கும் மிச்சமிருந்த ஒரே வேடிக்கை.

"அன்னிக்குக் குளியலறைக் கதவுக்கு வெளியில நின்னு சொன்னேன். சத்தம் இல்ல. திரும்பச் சொன்னேன். அப்புறமும் சொன்னேன். கதவைத் திறக்கணும்னு தோணவே இல்ல எனக்கு. சொல்லிக்கிட்டே நின்னேன்."

இதைச் சொல்லும்போது மேசை மேல் கிடந்த கைத்துண்டை எடுத்து நான்காக மடித்தார். உள்ளங்கையால் அழுத்தி நீவினார். பிரித்தார். திரும்ப மடித்தார். வாய் சிரித்தபடியே இருந்தது. தொண்டை மட்டும் விக்கல் எடுத்த மாதிரி துள்ளியது. கண்ணில் சொட்டு நீர் இல்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதெல்லாம் உண்மை.

வெளியே வந்து காரில் ஏறினேன். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தேன். நீவினேன். பிரித்தேன். கை தானாகச் செய்தது என்று எழுதப் போனேன் — தானாக இல்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு தொண்டையைச் சரிபார்த்தேன்.

9 மே

பத்தாவது நாளாகப் படப்பிடிப்பு. டோலரஸ் என் முகத்தில் ரப்பர் ஒட்டிச் சுருக்கம் வைக்கிறாள். "வருத்தப்படாத, இன்னும் பத்து வருஷத்துல ரப்பர் தேவைப்படாது" என்கிறாள். மேக்கப்காரிகளுக்கு வாயில் சனி.

14 மே

செய்துவிட்டேன்.

ஸ்டூடியோ துரத்திய மறுநாள், லெனோர் குளியலறையில் தனியாக இருக்கிறாள். கதைப்படி கண்ணாடியை உடைத்து ஓலமிட வேண்டும். நாலு தடவை உடைத்தேன், நாலு தடவை ஓலமிட்டேன். எல்லாம் பித்தளை. மெஸ்னர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் பேனாவைக் கடித்தால் எனக்குப் பிணம் வேடம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

"ஒரு தடவை என் இஷ்டத்துக்கு விடுங்க" என்றேன்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். துண்டை எடுத்தேன். மடித்தேன், நீவினேன், பிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து, "எழுந்திரு, கார் வந்துடுச்சு" என்றேன். திரும்பச் சொன்னேன். தொண்டை சரியான இடத்தில் துள்ளியது.

'கட்' என்று யாரும் சொல்லவில்லை. மேலே விளக்குகள் தொங்கும் பாலத்தில் இருந்தவன் கையுறையால் மூக்கைத் துடைத்தான். டோலரஸ் சுருக்கத்தைச் சரிசெய்ய வந்தவள் என் முகத்தைத் தொடாமலே திரும்பிப் போனாள்.

"எங்கேருந்து எடுத்தே?" என்று மெஸ்னர் கேட்டார்.

"தெரியல. வந்துது."

19 மே, ஞாயிறு

கிளெண்டேலுக்குப் போகவில்லை. ஜலதோஷம் என்று போனில் சொன்னேன். கோழி சூப் செய்து எடுத்து வரட்டுமா என்று கேட்டார்.

படத்தில் தங்கை இல்லை. ஒரு காட்சியிலும் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன். வக்கீல் மாதிரி சுத்தமாக.

23 ஜூலை

எடிட்டிங் அறைக்குப் போனேன். மெஸ்னர் அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிக் காட்டினார்.

"கண்ணாடி உடைக்கிறதும் இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஏன், உனக்கு அதுதான் வேணுமா? நீ வேணும்னு சொன்னா வெக்கறேன். உன் முகம், உன் பொழைப்பு. ஆனா காரணம் சொல்லு."

காரணம் நுனிநாக்கில் இருந்தது. அவர் கேட்டிருப்பார், வெட்டியிருப்பார், அப்படிப்பட்ட மனிதர்தான். பித்தளை ஓலத்தோடு படம் வெளியே போயிருக்கும்.

"சும்மா கேட்டேன்" என்றேன்.

12 செப்டம்பர்

படம் வெளியாகும் முன்பே, பாசடீனாவில் ஒரு தியேட்டரில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காட்சி. முடிந்ததும் பார்வையாளர்களுக்குக் கார்டு கொடுத்து எழுதச் சொன்னார்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அவள் துண்டை மடித்தபோது அவளுடைய எல்லாக் குற்றத்தையும் மன்னித்துவிட்டேன்." சிட் அதைப் போனில் படித்துக் காட்டும்போது அவன் குரல் கூடக் கம்மியது. சிட்டுக்கு! இனி அதை யாராலும் வெட்ட முடியாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

24 அக்டோபர்

முதல் காட்சி. பியூலா நீல உடையில் வந்திருந்தார். கழுத்தில் முத்துமாலை, ஓப்பலுடையதாம். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று எத்தனை ஞாயிறு நினைத்தேன். கடைசியில் இருட்டில் உட்கார வைத்துச் சொல்லாமல் காட்டினேன்.

அந்தக் காட்சி வந்ததும் திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இமை கொட்டவில்லை. சுற்றிலும் மூக்குறிஞ்சும் சத்தம்.

வெளியே வந்தபோது ஒரு கிழவி, லெனோரின் பழைய ரசிகை போலிருக்கிறது, இவரிடமே வந்து, "பாவம், எப்படி அழுதிருக்கா பாத்தீங்களா" என்றாள்.

"ஆமா, பாவம்" என்றார் பியூலா.

படியிறங்கும்போது என்னிடம் சொன்னார், சத்தம் உயர்த்தாமல். "ஓப்பல் அழுதா தட்டு பறக்கும். தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அவ ஜென்மத்துல ஒரு துணியை மடிச்சதில்ல. மடிக்கறதுக்குத்தான் நான் இருந்தேனே."

"பியூலா, நான்—"

"நான் படத்துல வேண்டாம்னு கேட்டேன். நீ போடல. என்கிட்ட இருந்ததை எடுத்து அவளுக்குக் குடுத்துட்டே. ஸ்டூடியோவும் அதைத்தான் செஞ்சுது."

கார் ஏற்பாடு செய்திருந்தேன். பஸ்ஸில் போய்விட்டார்.

25 அக்டோபர்

தூக்கமில்லை. ஏன் செஞ்சேன்? தெரியாமலா செஞ்சேன்? கேக் சாப்பிட்டேனே, அவர் கையால் போட்ட காபியைக் குடிச்சேனே. அவர் பேசும்போது ஒரு கண் அழுதுச்சு, இன்னொரு கண் குறிப்பு எடுத்துச்சு. எல்லா நடிகையும் செய்றதுதான்னு டோலரஸ் சொல்றா. செய்றதுதான். நானும் மத்தவங்களைப் பத்தி அப்படித்தான் சொல்வேன்.

போன் செய்தேன். எடுக்கவில்லை.

16 ஜனவரி 1975

பேட்டி. அந்தக் காட்சி எப்படி வந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் பியூலா பெயரைச் சொல்ல வேண்டும். அதைத்தான் அவர் வேண்டாம் என்றது. சொன்னாலும் துரோகம், சொல்லாவிட்டாலும் திருட்டு.

"லெனோரே வந்து சொல்லிக் கொடுத்த மாதிரி இருந்தது" என்றேன். நிருபர் புல்லரித்துப் போய் எழுதிக்கொண்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

10 ஏப்ரல்

இந்த வருடத்துச் சிறந்த நடிகைப் பரிசு எனக்குத்தான். மெஸ்னர், சிட், டோலரஸ், அம்மா என்று நன்றி சொன்னேன். அம்மா போனில் அழுதாள். பரீட்சையில் தேறிவிட்டேன். சிட்டின் மேசையில் மூன்று கதைகள் காத்திருக்கின்றன.

4 மே, ஞாயிறு

சொல்லாமல் கிளெண்டேலுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வா என்றார். காபி கொடுத்தார், கடையில் வாங்கிய பிஸ்கட் கொடுத்தார்.

மன்னிப்புக் கேட்டேன். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"கோபமெல்லாம் தீந்துபோச்சு பொண்ணே. நீ நல்லா செஞ்சே. அதுதான் கஷ்டமே. சுமாரா செஞ்சிருந்தா மறந்திருப்பேன்." பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "பதினாறு வருஷமா அந்தக் காலை எனக்குத் தினம் வரும். பழகிப்போச்சு. ஓப்பலோட எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். இப்பவும் வருது. ஆனா அந்தக் கதவுக்கு முன்னாடி நீதான் நிக்கறே. உன் முகம்தான் தெரியுது. எவ்வளவு முயற்சி பண்ணியும் நான் அங்க இல்ல."

காபியைக் குடித்து முடித்தேன். வாசல் வரை வந்து, பார்த்து ஓட்டு என்றார். திரும்ப வா என்று சொல்லவில்லை.

9 ஜூன்

புதுப்படம். வியட்நாமிலிருந்து மகன் திரும்பி வராத ஒரு தாயின் கதை. தயாரிப்பாளர் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து அப்படி ஒரு அம்மாவைத் தேடிப் பிடித்திருக்கிறார். நான் அவரைச் சந்திக்க வேண்டாம் என்று வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தேன். "பெரிய ஆள் ஆயிட்டீங்க" என்று சிரித்தார். இன்று அலுவலகத்துக்குப் போனால் அந்த அம்மா ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கிறார். மகன் போட்டோவும் கொண்டுவந்திருந்தார். அவ்வளவு தூரம் வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது?

எதிரில் உட்கார்ந்தேன். அவர் பேச ஆரம்பித்தார். அவன் குளிக்கப் போனால் பாட்டு நிற்காது என்றார். அப்புறம் குரல் மாறிற்று, கைகள் ஏதோ செய்கிற மாதிரி ஓரக்கண்ணில் ஓர் அசைவு தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் பேசி முடிக்கும் வரை தலையைத் தூக்கவில்லை. என்ன திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டே பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் போயிருப்பார்.