வான வகுப்பில் அம்மா பெயர்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் உன் தங்கையும் நலம்தான். நலம் என்றால், வேளைக்குச் சாப்பிடுகிறோம், கடையைத் திறக்கிறோம், யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்கிறோம், அவ்வளவுதான். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நீ யோசிப்பாய். போனில் நீ கேட்பாய், நான் 'சரிம்மா' என்பேன், வைத்துவிடுவோம். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். பத்தாம் வகுப்பையே தள்ளிக்கொண்டு கரையேறியவன் எழுத்து, முன்னே பின்னே இருந்தால் கண்டுகொள்ளாதே.

சலவைக் கடையில் பெரிய மெஷின் மறுபடியும் ஒழுகுகிறது, கீழே ஒரு பேசின் வைத்திருக்கிறேன். விடுதிக்காரர் படுக்கை விரிப்பு மூட்டை மூட்டையாக அனுப்புகிறார். கை தானாகத் துவைக்கிறது, தானாக இஸ்திரி போடுகிறது, தானாக மடிக்கிறது. சாயங்காலம் அடுக்கைப் பார்த்தால்தான் இவ்வளவையும் நானா செய்தேன் என்று தெரிகிறது. அம்மா போனதிலிருந்து இப்படித்தான். அழுகை வரவில்லை என்று முதலில் பயந்தேன், இப்போது அந்தப் பயமும் வருவதில்லை. மாடியில் இருக்கும் தையற்கார அம்மா மட்டும் தினமும் வந்து எனக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போகிறாள். போன வாரம் சின்னவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உங்கம்மா எங்கயும் போகலடி கண்ணு, வானத்துல நட்சத்திரமா நின்னு உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கா என்றாள். இவள் விலகி நின்று, நட்சத்திரம்னா கொதிக்கிற வாயு அத்தை, எங்கம்மா ஒண்ணும் வாயு இல்லை என்றாள். அந்த அம்மாள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய, ஆன்லைனில் வானத்தைப் படிக்கிற பிள்ளையிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான் என்றேன்.

அந்த வகுப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன், எங்கெங்கோ சுற்றுகிறேன். மாணவர்களுக்கான வானியல் வகுப்பு என்று அம்மாதான் தேடிப் பிடித்து அவளைச் சேர்த்துவிட்டாள் அல்லவா, தன் போனில், தன் பெயரில், தன் படத்தோடு. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளின் சதுரங்களுக்கு நடுவே அம்மா படம் ஒரு சதுரத்தில் சிரித்துக்கொண்டு வருகிறது. நீல நிறத்தில் பூப்போட்ட ரவிக்கை, உனக்கு எடுத்த துணியில் பாதியை வைத்துத் தைத்துக்கொண்டாளே, அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படம். டீச்சர் வருகைக்கு அம்மா பெயரைக் கூப்பிடுவார், சின்னவள் கேமராவைத் திறக்காமல் 'உள்ளேன் டீச்சர்' என்பாள். நீ எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய், பாஸ்வேர்டைக் கொடுங்கப்பா, இங்கிருந்தே மாற்றிவிடுகிறேன், இல்லாவிட்டால் சான்றிதழும் அம்மா பெயரில்தான் வரும் என்று. நானும் நாளைக்கு நாளைக்கு என்றேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றுகூடச் சொன்னேன். மறக்கவில்லை. பிள்ளை அந்தப் பெயருக்குள் ஒதுங்கி நிற்கிறாள், நாம் ஏன் பிடித்து இழுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். அது பாதி. மீதியையும் சொல்கிறேன், சிரிக்காதே.

நானும் அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டேன். இணைப்பு அம்மா என் போனுக்கும் அனுப்பியது இருந்தது. வகுப்பு நேரத்தில் கடைவாசலில் இஸ்திரி மேசைமேல் போனைச் சாய்த்து வைத்து உள்ளே நுழைந்துவிடுவேன். பெயர் கேட்டது, 'சலவை' என்று போட்டேன். வருகை எடுத்து முடிகிற வரைக்கும் இருப்பேன், அம்மா பெயர் வரும், உள்ளேன் என்று குரல் வரும், கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். மனசு உருகியது என்றெல்லாம் இல்லை. கேட்பேன், அவ்வளவுதான். கேட்காத நாள் சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் விட்டதுபோல இருக்கும். கொஞ்ச நாளில் வெளியே வருவதற்குச் சோம்பல்பட்டு முழு வகுப்பையும் கேட்க ஆரம்பித்தேன். விண்வெளியில் எவ்வளவு கத்தினாலும் சத்தம் கேட்காதாம், காற்று இல்லையாம். நம் வீட்டில் காற்று இருக்கிறது, ஆனாலும் ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் நிலாவின் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டிவிட்டு அந்த டீச்சர், சலவை, நீங்க ஒருநாளும் பேசறதே இல்லையே, நிலாவுல ஏன் இவ்வளவு பள்ளம்னு நீங்க சொல்லுங்க என்றார். எதையோ அழுத்தினேன், மைக் திறந்துகொண்டது. ரோடு போட்ட காண்ட்ராக்டரைத்தான் டீச்சர் கேக்கணும் என்று வாயில் வந்துவிட்டது. மொத்த வகுப்பும் சிரிக்கிறது. டீச்சரும் சிரித்துவிட்டு, அது விண்கற்கள் மோதிய பள்ளம் என்று பொறுமையாகச் சொன்னார். சிரிக்காதவள் ஒருத்திதான். என் குரல் அவளுக்குத் தெரியாதா?

வகுப்பு முடிந்ததும் கடைக்குள் வந்து நின்றாள். நீங்க எதுக்குப்பா என் கிளாஸ்ல என்றாள். மழுப்பிப் பார்த்தேன், எடுபடவில்லை. அம்மா பேரைக் கூப்பிடுவாங்க இல்ல, அதைக் கேக்க என்றேன். மெஷின் அடியில் நிரம்பிய பேசினை எடுத்துக் கொட்டினாள். பிறகு, அதை மாத்தினா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னுதாம்ப்பா நான் மாத்தாம வச்சிருக்கேன், ஒவ்வொரு தடவையும் உள்ளேன்னு சொல்றப்ப எனக்குப் பொய் சொல்ற மாதிரி இருக்கு என்றாள். பார்த்தாயா பெரியவளே, அவளுக்காக நானும் எனக்காக அவளும், நடுவில் அம்மா பெயர் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. குழந்தை முகத்தைத் தினமும் பார்க்கிறேன், இது தெரியவில்லை. ஊரார் துணியில் ஒரு கறை இருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன்.

சனிக்கிழமை கடைசி வகுப்பு. ஒவ்வொருவரும் கேமராவைத் திறந்து ஒரு விஷயம் பேச வேண்டும். இவள் எடுத்துக்கொண்டது விண்வெளி வீரர்கள் அழுக்குத் துணியை என்ன செய்கிறார்கள் என்பது. அங்கே துவைக்கத் தண்ணீர் கிடையாதாம். நாள் கணக்காகப் போட்டதையே போட்டு, கடைசியில் குப்பையோடு சரக்குக் கலத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்களாம், அது கீழே வரும் வழியில் எரிந்துபோகுமாம். அப்பாவின் தொழிலுக்கு மேலுலகத்திலும் இடமில்லை என்று தெரிந்துவிட்டது. டீச்சர் அம்மா பெயரைக் கூப்பிட்டார். இவள் கேமராவைத் திறந்தாள். நான் கதவுப் பக்கம் நின்றேன். பேசுவதற்கு முன்னால் இவளே, டீச்சர், இது என் பேர் இல்லை, எங்கம்மா பேர், அவங்க இறந்துட்டாங்க என்றாள். அந்த டீச்சர் ஐயோ என்று அலறவில்லை, அதற்கே அவருக்குப் புண்ணியம். சற்றுப் பொறுத்து, உன் பேரைப் போடட்டுமா, இல்லை இப்படியே இருக்கட்டுமா, உனக்கு எப்படி வேணும் என்று மட்டும் கேட்டார். இவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உன் பேரையே போடட்டும் என்று நான் தலையை ஆட்டினேன். பெயரை டீச்சர் அங்கிருந்து மாற்றினார், படத்தை இவளே எடுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினாள். அழுகை ஏதாவது வரும் என்று நான் நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. விடுதி மூட்டை பாக்கி இருந்தது, போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். அன்றைக்கு ராத்திரி அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆகவே பாஸ்வேர்டுக்கு இனி அலைய வேண்டாம். சான்றிதழ் அவள் பெயரில் வரும். அடுத்த வகுப்பு தொடங்குகிறதாம், சேரட்டுமா என்று கேட்கிறாள், உன் யோசனையைச் சொல். நீயும் வேலை வேலை என்று நின்றுகொண்டே சாப்பிடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள், சிரிப்பு வந்தால் சிரி, வராவிட்டால் பரவாயில்லை. நோய் நொடியில்லாமல், மனசுக்குப் பிடித்தபடி நீ நீண்ட நாள் வாழ வேண்டும். அதுதான் என்னிடம் கொடுக்க இருக்கிறது.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அம்மாவின் போன் இனி சின்னவளிடம்தான் இருக்கும், அவள்தான் உன்னைக் கூப்பிடுவாள். உன் போனில் அந்த எண் வரும்போது இன்னும் 'அம்மா' என்றுதான் வரும் என்று நினைக்கிறேன். மாற்றுவதும் மாற்றாததும் உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன். எடுத்துப் பேசு, அது போதும்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா