காம்பஸ் பக்கத்தில் மாட்டிய ஸ்பீக்கர்

நல்லூர், திருப்பூர்
6-5-1974

அன்பு மகன் முஸ்தபாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் தங்கச்சி அஜீஸுன்னிசாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீ அந்தச் சிங்கப்பூர்க் கடலில் சுகமாக இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். சனிக்கிழமை உனக்குத் தந்தி அடித்தேன், ஸ்பீக்கரைக் கழற்று, அதுவரை படகை எடுக்காதே என்று. தந்தி ஆபீஸ்காரர் ரெண்டு தரம் படித்துவிட்டு, ஏனுங்க பாய், இதுக்குப் போயி தந்தியா, ஆராச்சும் செத்துப் போனாத்தானுங்க தந்தி அடிப்பாங்க என்றார். சாகக் கூடாதுன்னுதானுங்க அடிக்கறேன் என்றேன். அத்தாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நீயும் நினைத்திருப்பாய், குழம்பித்தான் இருக்கிறது, நடந்ததைச் சொல்கிறேன்.

உன் முதலாளியின் வேகப் படகில் உப்புக் காற்றுப் பட்டு ஸ்பீக்கர் காகிதம் நைந்துவிட்டது, வேறு எதை வாங்கி எங்கே மாட்டட்டும் என்று பிப்ரவரியில் கேட்டாயல்லவா. படகுக்குள் பாட்டு எதற்கு என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்க ஓடுகிறவன் நான், கடலைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆனாலும் இருபது வருஷம் மைக் செட் போட்டவன் என்ற திமிரில், பிளீச்சிங் பட்டறை ஸ்பீக்கருக்குச் செய்ததையே எழுதித் தொலைத்தேன். காகிதத்துக்கு மெல்லிசாக வார்னிஷ் பூசு, மேலே பனியன் துணியை இழுத்துக் கட்டு, பெரிய காந்தம் உள்ளதாகப் பார்த்து வாங்கு, இன்ஜின் சத்தத்தில் கேட்க வேண்டுமே, ஓட்டுகிறவன் முன்னால் பலகையிலேயே மாட்டு என்று. நீயும் அப்படியே மாட்டினாய். பாட்டு கணீரென்று கேட்கிறது அத்தா, ஆனால் மழை மூட்டத்தில் காம்பஸ் பார்த்து ஓட்டி ரெண்டு தரம் தீவு மாறிப் போய்விட்டேன், முதலாளி திட்டுகிறார், மே 19ஆம் தேதி படகுப் போட்டியிலும் வழி தப்பினால் ஊருக்குக் கப்பலேற்றி விடுவாராம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் புரிபடவில்லை, கண்ணு பட்டுப் போச்சு என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள்.

இப்போது என் கூத்தைக் கேள். என் ரிப்பேர் பட்டறையை ஜன்னல் இல்லாத ஒரு புது அறைக்கு மாற்றினேன். ஹஜ்ஜுக்குப் போய்வந்த அய்யூப் மாமு கொடுத்த, மக்கா இருக்கும் திசை பார்க்கிற கிப்லா காம்பஸை மேஜை மேல் வைத்து, அதன்படி பாய் விரித்து, பதினெட்டு நாள் மத்தியானத் தொழுகை தொழுதேன். சோறு கொண்டு வந்த அம்மா, ஏனுங்க, ஊட்ல மேக்க பாத்துத் தொழறீங்க, இங்க தெக்க அவிநாசிபாளையம் பாத்துத் தொழறீங்களே என்றாள். மக்காவில் இருந்து வந்த முள் பொய் சொல்லுமா, நீ கண்டாயா என்று சத்தம் போட்டேன். சனிக்கிழமை, மேஜையில் ரிப்பேருக்குக் கிடந்த பெரிய ஸ்பீக்கரை ஆள் வந்து தூக்கினார், முள் திரும்பியது. கீழே வைங்க என்றேன், பழையபடி ஸ்பீக்கரைப் பார்த்து நின்றது. தூக்குங்க, வைங்க, தூக்குங்க. அந்த மனுஷன் பயந்துவிட்டார். உன் படகு ஞாபகம் வந்ததும் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். காந்தத்தோடு குடும்பம் நடத்துகிற எனக்கு இது தெரியாமல் போயிற்றே!

கடல் காம்பஸும் இப்படித்தானா, நான் நினைப்பது சரியா, பாட்டு நின்றால் உன் வேலை போகுமா, எதுவும் தெரியவில்லை. ஒன்று செய். காம்பஸுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரைக் கொண்டு போ, விலக்கு, முள் எத்தனை தூரத்தில் அசையாமல் நிற்கிறதோ அதற்கும் அப்பால் பின் சீட்டில் மாட்டு. முதலாளி கோபித்தால் என் அத்தா முட்டாள் என்று சொல்லிவிடு, எனக்கு வருத்தம் இல்லை. திசை தெரியாமல் தொழுததும் செல்லும், கூடிவிடும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். என் தொழுகையை அல்லாஹ் திருப்பி வைத்துக்கொள்வான், நடுக்கடலில் உன் படகை யாரப்பா திருப்பி வைப்பது?

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முள்ள நம்பாத கண்ணு, பொழுது எறங்கறதப் பாருன்னு எழுதுங்க என்கிறாள், எழுதிவிட்டேன். படகில் ஏறும்போது பிஸ்மி சொல்ல மறக்காதே. அல்லாஹ் உன்னைக் கரை சேர்க்கட்டும். கழற்றியாயிற்று என்று ஒரு வரி உடனே போடு, அது வரும் வரை தபால்காரர் வரும் தெருவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்த அத்தா,
கைருதீன்