காக்கைச் சோறும் ஒற்றை இன்ஜினும்

லோஹ்காவ், புனே
ஆகஸ்ட் 3

அன்பு மகள் பானுவுக்கு,

நீ எங்களிடம் பொய் சொன்னாய். உனக்குச் சளி பிடிக்கவே இல்லை. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் சுகம் என்று நீயாகச் சொன்னால் இனி நம்புவதாக இல்லை. உன் ஸ்குவாட்ரனில் கூடப் பறக்கும் அருண்ராஜ், லீவுக்கு இங்கே புனே வாகட் பகுதியில் தன் அக்கா வீட்டுக்கு வந்தவன், நம் வீட்டுக்கும் வந்து ஆறு தோசை தின்றான், ஏழாவதை வைக்கும்போது, ஒத்தை இன்ஜின்ல பானு இறக்கினதை வச்சு எங்களுக்கு கிளாஸே எடுத்துட்டாங்க ஆன்ட்டி என்றான். அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. பருந்து புகுந்து ஒரு இன்ஜின் செத்துப்போய், மற்றதை வைத்து நீ சுகோய் போர் விமானத்தைத் தரையிறக்கியது எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தானாம். எந்தத் தேதி என்று கேட்டேன், ஏழாவது தோசையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். சளி, அதனால் பத்து நாள் பறக்க விடவில்லை என்று நீ போனில் சொன்னதை நம்பி அம்மா அனுப்பிய சுக்கையும் கருப்பட்டியையும் ஸ்குவாட்ரனே கூடிக் காப்பி போட்டுக் குடித்ததாம், நன்றாக இருந்ததாம்.

இங்கே நம் அடுக்குமாடிச் சொசைட்டியில் ஒரு கூத்து. சுகோய் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று கையெழுத்து வாங்கினவர்கள்தான் குடியரசு தினத்தில் அதே சுகோயைப் படம் பிடித்துத் தேசபக்தி காட்டுவார்கள். போன வாரம் பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து இரண்டு பேர் சொசைட்டிக் கூட்டத்துக்கு வந்து, குப்பைக்குப் பறவை கூடுகிறது, பறவை விமானத்தில் மோதுகிறது, மூடி வையுங்கள் என்றார்கள். செகரட்டரி ஸ்வாமிநாதன் யோசிக்கவே இல்லை, பெருக்குகிற எஸ்தர் ஒழுங்காக அள்ளுவதில்லை, கேட்டுக்கு வெளியே சலீம் கறிக்கடை வைத்திருக்கிறான், இரண்டு பேரையும் அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்றார். ஐந்தாவது மாடியிலிருந்து பிரியாணி எலும்பு வீசுகிறவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எஸ்தருக்குக் கையுறைகூட வாங்கித் தராத நீங்களா நாட்டைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று கத்திவிட்டு, நேரே போய் சலீமைக் கூட்டி வந்தேன். கழிவை மூடி போட்ட டிரம்மில் வைத்து வண்டியில் ஏற்றுவதை அவன் போனில் எல்லோருக்கும் காட்டினான். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவன் என் காதோரம் குனிந்து, அண்ணே, பருந்தெல்லாம் என் கடைக்கு வரல, காலைல எட்டு மணிக்கு உங்க மொட்டை மாடில பந்தி போடுறீங்களே, அதுக்குத்தான் வருது என்றான்.

நானும் உன்னிடம் மறைத்த ஒன்று அது. அமாவாசைக்கு அம்மா காக்கைக்குச் சோறு வைத்தால் மூடநம்பிக்கை என்று கேலி பேசுகிற நான், நீ போர் விமானம் ஓட்டப் போன நாளிலிருந்து, அவளுக்குத் தெரியாமல், மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு, தினமும் வைக்கிறேன். நீ பத்திரமாக இறங்கவேண்டும், அவ்வளவுதான். வெறும் சோறு போதாது என்று நெத்திலிக் கருவாடும் வைத்தேன், பருந்து வராமல் என்ன செய்யும். யாரோ பெற்ற பிள்ளைகள் அந்தப் பருந்துகளுக்கு நடுவேதான் இங்கே மேலே ஏறுகிறார்கள். உன் இன்ஜினில் விழுந்தது என் விருந்தாளி இல்லை, ஆனால் அங்கேயும் ஒரு மடையன் இருந்திருப்பான். மறுநாள் கூட்டத்தில் எழுந்து, குற்றவாளி எஸ்தரும் இல்லை சலீமும் இல்லை, நான்தான் என்றேன். ஸ்வாமிநாதன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அம்மா இரண்டு நாள் சிரித்தாள். என்னைய அம்புட்டு கேலி பண்ணினிய, இப்ப யாரு காக்காவுக்குச் சமையக்காரரு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீண்ட ஆயுளோடு இரு, ஏறுகிற தடவையெல்லாம் இறங்கு. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு, சளி என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா
சின்னதுரை

சோறு வைப்பதை நிறுத்திவிட்டேன், மறுபடி வைக்க மாட்டேன். ஆனால் இந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாள் தவறியிருக்கிறது. ஜூலை பதினொன்று, நான் வேலைக்குப் போகும் ரஞ்சன்காவ் கம்பெனி பஸ் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. பருந்து மோதியது எந்தத் தேதி? வேறொன்றும் எழுதவேண்டாம், தேதியை எழுது.